ட்ரவுட்டுக்கு ஃப்ளை கட்டிப் பழகிய கை, செசபீக் விரிகுடாவில் திணறுகிறது. எதை மாற்ற வேண்டும்?

குன்னூர்க்காரி
அக்டோபர் 6

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வருடம் பென்சில்வேனியாவில், ஸ்டேட் காலேஜில் இருந்தோம். ட்ரவுட் மீன் இருக்கிற ஸ்ப்ரிங் க்ரீக் ஓடை வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். அங்கேதான் ஃப்ளை ஃபிஷிங் (முள்ளில் இறகும் முடியும் கட்டிச் செய்த பொய்ப்பூச்சியால் மீன் பிடிப்பது) கற்றுக்கொண்டேன். முதல் குளிர்காலத்திலேயே ஒரு வைஸ் (முள்ளை அசையாமல் பிடித்துக்கொள்ளும் கருவி) வாங்கி ஃப்ளை கட்டவும் உட்கார்ந்துவிட்டேன். 18ஆம் நம்பர் முள்ளில் ஃபெசன்ட் டெயில் நிம்ஃப், மே மாதத்துக்கு சல்ஃபர், பென்ஸ் க்ரீக்குக்கு க்ரீன் ட்ரேக் என்று நான் கட்டியதைத்தான் நான் போடுவேன். சின்னப் பூச்சி, சின்ன முள், மெல்லிய நூல். கை அதற்குப் பழகிவிட்டது.

இந்த வருடம் வேலை மாறி மேரிலாந்தில் அனாபொலிஸ் வந்தோம். விரிகுடா வாசலிலேயே இருக்கிறது. ஸ்ட்ரைப்ட் பாஸ் பிடிக்கலாம் என்று (இங்கே எல்லோரும் ராக்ஃபிஷ் என்கிறார்கள்) செப்டம்பரிலிருந்து சாண்டி பாயிண்ட் பக்கம் பாறை மேல் நின்று வீசிக்கொண்டிருக்கிறேன். கையில் இருந்த நீளக் கழுத்து ஸ்ட்ரீமர் (சின்ன மீன் போலக் கட்டும் ஃப்ளை) முள்ளிலேயே வெள்ளைச் சேவல் இறகு வைத்துப் பெரிய ஃப்ளைகள் ஒரு டஜன் கட்டினேன். மேசையில் பார்க்க அழகாக இருந்தன.

நடந்தது இதுதான். இரண்டு வீச்சுக்கு ஒரு தடவை இறகு முள்ளின் வளைவில் சுற்றிக்கொள்கிறது. அப்படியே இழுத்தால் செத்த இலை மாதிரி சுழன்று வருகிறது. மீன் கடிப்பது கைக்குத் தெரிகிறது, ராடைத் தூக்கினால் ஒன்றுமில்லை. போன சனிக்கிழமை மட்டும் ஆறு கடி, ஒன்றுகூட நிற்கவில்லை. ஏழாவதாக ஒன்று நின்றது. ஒரு நிமிடம் இழுத்தது, அப்புறம் லைன் தளர்ந்தது. எடுத்துப் பார்த்தால் முள் நிமிர்ந்து ஊசி மாதிரி இருந்தது. ஒரு வாரம் கழித்துப் பெட்டியைத் திறந்தேன். பாதி ஃப்ளை துரு. பக்கத்தில் இருந்த என் சல்ஃபர்களும் சேர்த்து.

5 வெயிட் ராட்தான் இருக்கிறது (எண் கூடக் கூட ராட் பலமானது). 8 வெயிட் வாங்கத் தயார். ஆனால் கட்டுவதில் எதை மாற்ற வேண்டும் என்பதுதான் என் கேள்வி. கடையில் வாங்கிப் போட எனக்கு மனம் வராது.

---

செல்வம்_ரிச்மண்ட்
அக்டோபர் 6

முதல் வேலையாக முள்ளை மாற்றுங்கள். ட்ரவுட் முள் உப்புத் தண்ணீருக்கு ஆகாது. துருப்பிடிக்காத எஃகு முள், 1/0 அல்லது 2/0. இறகுக்குப் பதில் செயற்கை முடி வாங்கிக்கொள்ளுங்கள். அது தண்ணீர் குடிக்காது, வீச லேசாக இருக்கும், சுற்றவும் சுற்றாது.

இன்னொன்று. இந்த மாதம் ப்ளூஃபிஷும் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் பல் தூண்டில் நரம்பை வெட்டிவிடும். பாதி ஃப்ளை கத்தரித்தது போலத் திரும்பி வந்தால் அதன் வேலைதான். முனையில் ஒரு சாண் கம்பி போடுங்கள்.

---

தருவைக்குளத்தான்
அக்டோபர் 7

தங்கச்சி, நீங்கள் சொன்ன நாலு தொல்லையும் எனக்கும் நடந்தது, அதே வரிசையில். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

நான் பால்டிமோர் வந்தது 2001இல். ஊர் தூத்துக்குடிக்கு வடக்கே தருவைக்குளம். அப்பா வள்ளத்தில் போய் சீலாவுக்கு இழுவைத் தூண்டில் போடுவார் (எங்கள் பக்கம் சீலா என்றால் சென்னைக்காரர்களின் வஞ்சிரம்). சில நாள் இரை மீன் கிடைக்காது. அன்றைக்கு வெள்ளைக் கோழி இறகு நாலைந்தை முள்ளின் கழுத்தில் வைத்து, சிவப்பு நூலால் இறுக்கிக் கட்டி, அதையே இழுத்துக்கொண்டு போவார். விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூல்கண்டைப் பிடித்துக்கொள்வது என் வேலை. இங்கே வந்து முதல் முறை ஒரு ஃப்ளை கடைக்குள் போனபோது சுவர் முழுக்க அப்பாவின் தூண்டில் தொங்குவதைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் வைஸ் வாங்கினேன்.

சரி, முள். செல்வம் சொன்னது சரி. ட்ரவுட் முள் மெல்லிய கம்பி. தண்ணீரில் மிதக்க வேண்டும், மெல்லிய வாயில் லேசாக ஏற வேண்டும் என்று செய்தது. ராக்ஃபிஷ் தலையைத் திருப்பி ஒரு உதறு உதறினால் அது தாங்காது. நான் 2004இலிருந்து மஸ்டாட் 34007 என்ற துருப்பிடிக்காத எஃகு முள்ளில்தான் கட்டுகிறேன். விலை அதிகமில்லை, எல்லாக் கடையிலும் கிடைக்கும். எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். உங்கள் 18, 20 எல்லாம் எண் கூடக் கூட முள் சிறுக்கும். 1க்கு அப்புறம் தலைகீழ்: 1/0ஐ விட 2/0 பெரிது. கொக்கியின் எதிர்முள்ளை இடுக்கியால் அமுக்கிவிடுங்கள். எஃகு முள் மீனின் வாயில் தங்கிவிட்டால் சீக்கிரம் மக்காது, அதனால் இதை நான் ஒரு ஃப்ளைக்குக்கூட விடுவதில்லை.

துரு விஷயம் இன்னும் முக்கியம். எஃகு முள்ளும் உப்பிலேயே கிடந்தால் மெதுவாகக் கறுக்கும். 2006 அக்டோபரில் நனைந்த ஃப்ளை ஒன்றைப் பழக்கத்தில் பெட்டிக்குள் செருகிவிட்டேன். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் அதோடு இருந்த சாதா முள் ஃப்ளைகள் அறுபதுக்கு மேல் போச்சு. ஒரு குளிர்காலத்து வேலை. அன்றிலிருந்து தண்ணீரில் போட்ட ஃப்ளை எதுவும் பெட்டிக்குத் திரும்பாது. சட்டைப் பையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா, மூடியில் ஓட்டை போட்டது. வீட்டுக்கு வந்ததும் அதைக் குழாய்த் தண்ணீரில் அலசி, துண்டில் பரப்பி ராத்திரி முழுக்கக் காயவிடுவேன். ரீலையும் ராடின் வளையங்களையும் அதே தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

இப்போது இறகு சுற்றுவது. இதற்கு விடை இந்த விரிகுடாவிலேயே பிறந்தது. ஃப்ளை ஃபிஷிங்கில் பேர்பெற்ற லெஃப்டி க்ரே இந்த மாநிலத்துக்காரர், பிறந்தது ஃப்ரெடெரிக்கில். 1950களின் கடைசியில், கிறிஸ்ஃபீல்ட் பக்கம் ராக்ஃபிஷுக்காகத்தான் டிசீவர் என்ற ஃப்ளையைக் கட்டினார். அவருக்கு வந்ததும் உங்கள் தொல்லைதான். அதுவரை பல பேர் இறகை முள்ளின் முன்பக்கம், கண்ணை ஒட்டிக் கட்டினார்கள். நீள இறகு பின்னால் வளைவு வரை வந்து, வீசும்போது கொக்கியைச் சுற்றிக்கொள்ளும். அவர் இறகை முள்ளின் கடைசிக்கு, வளைவு ஆரம்பிக்கும் இடத்துக்கே கொண்டுபோய்க் கட்டினார். இறகு கிளம்பும் இடமே வளைவுக்குப் போனதும் சுற்ற இடமில்லை. முன்பக்கம் மான்வால் முடியைச் சுற்றி வரக் கழுத்துப்பட்டை போல வைத்தார். அது இறகின் அடியை மூடிக் காக்கும், மீனுக்கு உடம்பு போலவும் தெரியும். உங்கள் ஸ்ட்ரீமர் முள்ளின் கழுத்து நீளம், அதன் மேல் நீங்கள் இறகை முன்னால் கட்டியிருப்பீர்கள். குட்டைக் கழுத்து முள்ளை எடுத்து, பக்கத்துக்கு மூன்று இறகு, உட்புறம் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வைத்து, வளைவுக்கு மேலே கட்டிப் பாருங்கள். அன்றைக்கே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது, நீங்கள் கேட்காதது. ஆனால் நான் கண்ணால் பார்க்காமலே சொல்வேன், உங்கள் ஃப்ளையில் சரக்கு அதிகம். சின்ன முள்ளில் கட்டிவிட்டுப் பெரிய முள்ளுக்கு வருகிற எல்லோரும் இடத்தை நிரப்பத்தான் பார்ப்போம். நான் மூன்று வருடம் அப்படிக் கட்டினேன். பொம்மை போல அடர்த்தியாக இருக்கும், தண்ணீருக்குள் போகாது, காற்றில் குடை மாதிரி நிற்கும். இந்தத் தண்ணீரில் ராக்ஃபிஷ் தின்பது என்ன? பே ஆங்கோவி, அது நம் நெத்திலியின் இனம். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். அப்புறம் சில்வர்சைட், அதுவும் ஒல்லி. மென்ஹேடன் மட்டும்தான் மத்தி மாதிரி அகலமாக இருக்கும்.

ஆகவே டிசீவருக்கு அடுத்தபடி கிளவுசர் என்ற ஃப்ளையைக் கட்டுங்கள். பாப் கிளவுசர் பென்சில்வேனியாக்காரர், உங்கள் பழைய மாநிலம். ஹாரிஸ்பர்க் பக்கம் சஸ்குவஹானா ஆற்றில் ஸ்மால்மவுத் பாஸுக்காக 1980களின் பிற்பாதியில் அவர் உண்டாக்கியது. அந்த ஆறு வந்து சேர்வது இந்த விரிகுடாவில்தான், அவருடைய ஃப்ளையும் ஆற்றோடு உப்புத் தண்ணீருக்கு வந்துவிட்டது. இன்றைக்கு எனக்கு ஒரே ஒரு ஃப்ளைதான் என்றால் அதைத்தான் எடுப்பேன்.

கட்டும் முறை: முள்ளின் கண்ணிலிருந்து கழுத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, டம்பெல் வடிவ ஈயக் கண்ணை மேல்பக்கம் வையுங்கள். எட்டு போலக் குறுக்கே பத்துச் சுற்று, அப்புறம் ஈயக் கண்ணுக்கும் முள்ளுக்கும் நடுவே கிடையாகப் பத்துச் சுற்று. இந்தக் கிடைச் சுற்றைத்தான் பல பேர் விட்டுவிடுகிறார்கள். அதுதான் குறுக்குச் சுற்றுகளைக் கயிறு மாதிரி முறுக்கி இறுக்கும். மேலே ஒரு சொட்டு சூப்பர் க்ளூ. பாரம் மேல்பக்கம் இருப்பதால் தண்ணீரில் ஃப்ளை கவிழ்ந்து கொக்கி மேல்நோக்கி வரும், பாறையில் அவ்வளவாக மாட்டாது. சாண்டி பாயிண்ட் பாறைக்கு இது ரொம்ப உதவும். இப்போது வெள்ளை முடி, தீக்குச்சித் தடிமன் மட்டும். ஈயக் கண்ணுக்கு முன்னாலும் பின்னாலும் கட்டுங்கள். முள்ளைத் திருப்பி வைஸில் மாட்டி, பளபளப்பு இழை ஆறேழு, அதன் மேல் பச்சைமஞ்சள் முடி, அதுவும் தீக்குச்சித் தடிமன். அவ்வளவுதான். முடிந்ததும் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். மறுபக்கத்து மரம் தெரியவில்லை என்றால் முடியைப் பிடுங்குங்கள்.

நீங்கள் கட்டுகிற ஃபெசன்ட் டெயிலையே நினைத்துப் பாருங்கள். ஃப்ராங்க் சாயர் இங்கிலாந்தில் ஏவன் ஆற்றங்கரையில் அதைக் கட்டியபோது நூலே வைக்கவில்லை. செம்புக் கம்பிதான் நூல், அதுவேதான் பாரம். இருப்பதே இரண்டு சரக்கு, ஃபெசன்ட் வால் இழையும் கம்பியும். கிளவுசரிலும் அதே சிக்கனம்தான். உங்கள் கைக்கு இது புதிதில்லை.

நூலை மட்டும் மாற்றுங்கள். 8/0 நூல் மான்முடியை அழுத்தும்போது அறுந்துபோகும். அதைவிடத் தடித்த 3/0 அல்லது 210 டெனியர் எடுங்கள். தலையில் புற ஊதா விளக்கில் இறுகும் ரெசின் ஒரு பூச்சு. ராக்ஃபிஷுக்கு ப்ளூஃபிஷ் மாதிரி பல் கிடையாது, ஆனால் அதன் உதட்டுச் சொரசொரப்பு நாலு மீனில் நூலைத் தின்றுவிடும்.

கடைசியாக, அந்த ஆறு கடி. அது ஃப்ளையின் குறை இல்லை. நீங்கள் ராடைத் தூக்கினீர்கள் அல்லவா? ட்ரவுட்டுக்கு அது சரி. சின்ன முள், மெல்லிய டிப்பெட் (ஃப்ளையைக் கட்டும் முனை நரம்பு), ராட் வளைந்து அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். இங்கே மீன் பின்னாலிருந்து வந்து வாயைத் திறந்து ஃப்ளையைத் தண்ணீரோடு உறிஞ்சும். அந்த நொடியில் ராடைத் தூக்கினால் ஃப்ளை மேல்நோக்கிப் பறந்துவிடும், தடித்த முள்ளை ஏற்றும் பலமும் வளைகிற ராடில் இல்லை. ராடின் நுனி தண்ணீரைப் பார்த்தே இருக்கட்டும். இடது கையால் லைனை நேராக, நீளமாக இழுங்கள். கனம் கைக்கு வந்து, மீன் திரும்பி ஓட ஆரம்பித்த அப்புறம்தான் ராட் மேலே வர வேண்டும். கடி தவறினாலும் ஃப்ளை ஒரு முழம்தான் நகர்ந்திருக்கும், அதே மீன் திரும்பக் கடிக்கும்.

இதை மூளை ஒத்துக்கொள்ளும், கை ஒத்துக்கொள்ளாது. எனக்கு ஒரு குளிர்காலம் ஆனது. வீட்டுக் கூடத்தில் முள்ளில்லாத லைனின் முனையை மனைவியிடம் கொடுத்து, அவள் எப்போது வேண்டுமானாலும் இழுக்கட்டும் என்று முதுகைக் காட்டி நின்று பழகினேன். தினம் பத்து நிமிடம். மார்ச்சில்தான் வலது கை சும்மா இருக்கக் கற்றது.

8 வெயிட் ராட், ஒன்பது அடி, ஒரு இன்டர்மீடியட் லைன். மெதுவாக அமிழும், அலைக்குக் கீழே போய்விடும். லீடர் (லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் நரம்பு) ஐந்து அடி போதும், முனையில் 16 அல்லது 20 பவுண்ட் தாங்குவது. ட்ரவுட்டுக்குப் போட்ட ஒன்பதடி லீடரை அமிழும் லைனில் போட்டால் லைன் கீழே போகும், ஃப்ளை மேலேயே நிற்கும். ஃப்ளையை இறுக்கி முடியாமல் வளைய முடிச்சில் கட்டுங்கள், ஆடி வரும்.

நேரம் பார்த்துப் போங்கள். அப்பா கடலுக்குப் போகுமுன் முதலில் கேட்பது, நீவாடு (நீரோட்டம்) எப்படி என்றுதான். தண்ணீர் ஓடாமல் நிற்கிற நேரம் இந்த மீனும் கடிப்பதில்லை. ஏற்றமோ வற்றமோ, ஓட்டம் இருக்கிற இரண்டு மணி நேரம், அது மாலை இருட்டோடு சேர்ந்து வருகிற நாளாகப் பார்த்துப் போனால் ஒரு நாள் முழுக்க நிற்பதை விட மேல்.

பிடிக்கும் அளவு, காலம் எல்லாம் இந்த மீனுக்கு அடிக்கடி மாற்றுகிறார்கள். போகிற அன்றைக்கு மாநில இயற்கைவளத் துறையின் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். விரிகுடாவுக்கு உரிமம் தனி, நன்னீருக்குத் தனி.

---

செல்வம்_ரிச்மண்ட்
அக்டோபர் 7

அண்ணே, எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். செயற்கை முடியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு சாண் நீளத்துக்கு மேல் மென்ஹேடன் மாதிரி கட்ட வேண்டுமென்றால் மான்வாலில் அந்த நீள முடி எங்கே இருக்கிறது?

அப்புறம் தங்கச்சி, ராக்ஃபிஷ் கடிக்காத கோடை மாதங்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டிலிருந்து அரை மணி தூரத்தில் க்ராஃப்டன் என்று ஊர். 2002இல் அங்கே ஒரு குளத்தில்தான் ஸ்னேக்ஹெட் கண்டுபிடித்து நாடே பேசியது. சீனாப் பக்கத்து மீன். பார்த்தால் நம் விரால்தான், அதே சாதி, அதே தலை, அதே குணம். பொடோமாக் முழுக்கப் பரவிவிட்டது. 2024இல் மேரிலாந்து அதற்கு செசபீக் சன்னா என்று பெயரே மாற்றி வைத்தது, ஆட்கள் வாங்கித் தின்னட்டும் என்று. பிடித்தால் உயிரோடு கொண்டுபோகக் கூடாது, அங்கேயே கொன்றுவிட வேண்டும். அல்லிக்கொடிக்கு நடுவே மேலே தவளை மாதிரி ஒரு ஃப்ளையைத் தத்தித் தத்தி இழுத்தால் தண்ணீர் வெடிக்கும். குஞ்சுக் கூட்டத்துக்குக் காவல் நிற்பதும் நம் விரால் மாதிரியேதான். புளி கரைத்துக் குழம்பு வைத்தேன், எங்கள் வீட்டில் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

---

தருவைக்குளத்தான்
அக்டோபர் 8

பெரிய ஃப்ளைக்குச் செயற்கை முடி நல்லது, செல்வம். ஒரு சாணுக்கு மேல் நானும் அதைத்தான் கட்டுகிறேன். ஆனால் நாலு அங்குல ஃப்ளைக்கு மான்முடி தண்ணீரில் மூச்சுவிடுகிற மாதிரி வேறு எதுவும் விடுவதில்லை. இழுப்பை நிறுத்தியதும் முடி விரியும், இழுத்ததும் ஒடுங்கும். கடி வருவது அந்த நிறுத்தத்தில்தான்.

---

குன்னூர்க்காரி
அக்டோபர் 9

அண்ணா, மூன்று தடவை படித்தேன். இறகை முன்னால்தான் கட்டியிருந்தேன். சன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், மரம் தெரியவில்லை. வானம்கூடத் தெரியவில்லை.

இன்னொரு கேள்வி. நேற்று கடையில் முள் வாங்கப் போனபோது கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கழுத்துத் தோல் வைத்திருந்தார்கள். கறுப்பு இறகு, ஒவ்வொன்றின் நுனியிலும் மெழுகு பூசிய மாதிரி வெளிர்மஞ்சள் பொட்டு. ஜங்கிள் காக் என்றார் கடைக்காரர். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. அது எங்கள் காட்டுக்கோழி! எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் செடிக்குள்ளிருந்து விடியற்காலையில் கூவும். அப்பா தோட்டத்தில் வேலைக்குக் கிளம்புகிற நேரம் அந்தக் கூவல்தான் எங்களுக்குக் கடிகாரம். மேரிலாந்தில் ஒரு கடையில் அதன் கழுத்தைப் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை.

டிசீவருக்குக் கண்ணாக அதை வைக்கலாமா? ஊருக்குப் போகும்போது கீழே உதிர்ந்து கிடக்கிற இறகைப் பொறுக்கிக்கொண்டு வந்தால் தப்பா?

---

தருவைக்குளத்தான்
அக்டோபர் 9

ஊரிலிருந்து கொண்டுவர வேண்டாம், தங்கச்சி. உதிர்ந்ததுகூட வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தப் பறவைக்குக் காவல் இருக்கிறது. விமான நிலையத்தில் ஒரு இறகு எங்கிருந்து வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. நீங்கள் கடையில் பார்த்தது பண்ணையில் வளர்த்த பறவையாகத்தான் இருக்கும், அதனால்தான் அந்த விலை.

அது எப்படி இங்கே வந்தது என்பது பெரிய கதை. விக்டோரியா ராணி காலத்தில் ஸ்காட்லாந்தில் சால்மனுக்கு ஃப்ளை கட்டியவர்கள் உலகத்தின் இறகையெல்லாம் தேடினார்கள். அப்போது இந்தியாவிலிருந்து கப்பலில் போனவற்றில் நம் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்தும் ஒன்று. அந்த மெழுகுப் பொட்டு தண்ணீரில் மீன் கண் மாதிரி மின்னும். மற்ற காட்டுக்கோழி இனங்களுக்கு அந்த அமைப்பு கிடையாது. ஜாக் ஸ்காட் என்ற பேர்பெற்ற சால்மன் ஃப்ளையில் இரண்டு பக்கமும் கன்னத்தில் இருப்பது அதுதான். 1991இல் அமெரிக்கத் தபால்துறை ஐந்து ஃப்ளைகளை வைத்துத் தபால்தலை போட்டது. ஜாக் ஸ்காட்டும் லெஃப்டியின் டிசீவரும் அந்த ஐந்தில் இருக்கின்றன. என் வைஸுக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். உங்கள் தேயிலைச் செடிப் பறவையும் எங்கள் விரிகுடா ஃப்ளையும் ஒரே தாளில் இருக்கின்றன.

டிசீவருக்கு வைக்கலாம், அழகாக இருக்கும். ஆனால் இரண்டாவது மீனிலேயே பொட்டு பிளந்துவிடும். எனக்கு மனம் கேட்காது. ஒட்டுக் கண் வைத்து மேலே ரெசின் பூசுங்கள். காட்டுக்கோழி இறகு இரண்டு மட்டும் வாங்கி, தண்ணீருக்கே போகாத ஒரு ஃப்ளை கட்டி அப்பாவுக்கு அனுப்புங்கள்.

---

குன்னூர்க்காரி
அக்டோபர் 27

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

34007, 1/0இல் கிளவுசர் பன்னிரண்டு கட்டினேன். முதல் ஐந்தில் ஈயக் கண் சுழன்றது. கிடைச் சுற்றை விட்டிருந்தேன், நீங்கள் சொன்ன அதே தப்பு. மிச்சம் ஏழும் கல் மாதிரி நிற்கின்றன. கூடத்தில் என் வீட்டுக்காரர் லைனைப் பிடித்துக்கொண்டு பத்து நாள் பழக்கிவிட்டார். அவருக்கு மீன் பிடிப்பதில் ஆர்வமில்லை, ஆனால் என்னை ஏமாற்றி இழுப்பதில் ரொம்ப ஆர்வம்.

நேற்று மாலை வற்றம், சூரியன் இறங்குகிற நேரத்தோடு சேர்ந்து வந்தது. புது 8 வெயிட். பாலத்துப் பக்கம் நீர்க்காக்கைகள் கூடி நெத்திலிக் கூட்டத்தைக் குத்திக்கொண்டிருந்தன. முதல் கடியில் கை மறுபடியும் ராடைத் தூக்கிவிட்டது. இரண்டாவதிலும். மூன்றாவதில் தூக்கவில்லை. இடது கை இழுத்தது, லைன் இழுத்த இடத்திலேயே நின்றது, அப்புறம் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடியது. ட்ரவுட்டில் இப்படி ஒரு கனம் எனக்குத் தெரியாது. கரைக்கு வந்தபோது உடம்பில் அந்த ஏழெட்டுக் கறுப்புக் கோடு, செதிலில் மாலை வெளிச்சம். தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றி வாலைப் பிடித்திருந்தேன், தானாக உதறிக்கொண்டு போனது. இருட்டுமுன் இன்னும் இரண்டு. ஒரே ஃப்ளை மூன்று மீன் தாங்கியது. முடி பாதி போய்விட்டது, ஆனால் பாதி போன பிறகுதான் அதிகம் கடித்த மாதிரி எனக்குத் தோன்றியது.

எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் அலசித் துண்டில் வைத்திருக்கிறேன். காட்டுக்கோழி இறகு இரண்டு வாங்கிவிட்டேன். ஜாக் ஸ்காட் கட்ட இன்னும் கை வராது, எளிமையாக எதில் ஆரம்பிக்கலாம்?

---

தருவைக்குளத்தான்
அக்டோபர் 27

மூன்றாவது கடியிலேயே கை நின்றதா! எனக்கு ஒரு குளிர்காலம் என்று சொன்னேன் அல்லவா. ரொம்பச் சந்தோஷம், தங்கச்சி.

பாதி முடி போன ஃப்ளை அதிகம் கடிப்பது உண்மைதான், அதைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்ததை அந்த அளவுக்கே கட்டுங்கள்.

அப்பாவுக்கு அனுப்புவதற்கு ஒரு கறுப்பு ஹேர்விங் ஃப்ளை போதும். கறுப்பு உடம்பு, வெள்ளிக் கம்பி ஐந்து சுற்று, கறுப்பு அணில் முடி இறக்கை, இரண்டு பக்கமும் உங்கள் காட்டுக்கோழிப் பொட்டு. கறுப்பில்தான் அந்த மஞ்சள் எடுப்பாகத் தெரியும். பொட்டின் அடித்தண்டை இடுக்கியால் தட்டையாக அமுக்கிவிட்டுக் கட்டுங்கள், இல்லையென்றால் திரும்பிக்கொள்ளும்.

குளிர்காலத்தில் சின்ன முள்ளையும் மறந்துவிடாதீர்கள். ப்ரெட்டிபாய் அணைக்குக் கீழே கன்பவுடர் ஆற்றில் ப்ரவுன் ட்ரவுட் இருக்கிறது. அணையின் அடித்தண்ணீர் வருவதால் கோடையிலும் குளிர்ச்சி, உங்கள் சல்ஃபர்கள் அங்கே மே கடைசியில் வேலை செய்யும். அதற்கு முன் ஏப்ரலில் டீர் க்ரீக்கில் ஹிக்கரி ஷாட் ஏறும். நம் உல்லத்தின் உறவு, அதே மாதிரி கடலிலிருந்து ஆற்றுக்கு வந்து முட்டையிடும். பிடித்தால் விட்டுவிட வேண்டும். அதற்கு உங்கள் பழைய 5 வெயிட்டே போதும். 6ஆம் நம்பர் முள்ளில் இளஞ்சிவப்பு, பச்சைமஞ்சள் இரண்டிலும் ஆறு ஆறு கட்டி வையுங்கள்.